கனகசபைக்கு வந்த கடிதம்

அத்தியாயம் பதினொன்று

படகுத் துறையில் நின்ற கிழவர் சச்சிதானந்தனைப் பார்த்து, "மிஸ்டர் கனகசபை" என்றார்.

கனகசபை சச்சிதானந்தனின் அப்பா. ஊரில், கொக்குவிலில், அவர் இறந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. அவுஸ்திரேலியாவில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் நான்கு பேர். மூவர் இந்த ஏரிக்கரையில் இருந்தார்கள். நான்காமவனைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.

"என்ன சொன்னீர்கள்?" என்றார் சச்சிதானந்தன்.

கிழவரின் கையிலிருந்த எண்ணெய்த் துணி பலகையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"நீங்கள் செத்துப்போனீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு தன் மொழியில் ஏதோ முணுமுணுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஏரி அசையவில்லை. கரையோரம் தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றன. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போனவை. பத்து வருடமாகியும் விழவில்லை.

தம்பி தேவராஜா செவன் ஹில்ஸ் வீட்டைவிட்டுப் போனது சென்ற பங்குனியில். பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டதாக அவன் சொன்ன அன்று சச்சிதானந்தன் கத்தினார். கத்திக்கொண்டே நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் சரிந்தார். "என்னைச் சாக்காட்டிப்போட்டுப் போ" என்றார். தேவராஜா அவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனான். அன்று இரவே சச்சிதானந்தனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது அவனுக்குத் தெரியாது.

பத்து மாதம் ஒரு செய்தியும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் தங்கை யோகராணி ஊரிலிருந்து வந்தாள். ஆடி மாதம் அம்மாவுக்குக் கிடைத்து, அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த பட அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். படத்தில் ஓர் ஏரி. பின்னால் இரண்டே சொற்கள்: நான் சுகம். தபால் முத்திரையில் ஜிண்டபைன் என்று இருந்தது. அயலவர்களிடம் பனிமலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவரும் மனைவி சந்திரவதனாவும் தங்கையும் காரில் ஏறினார்கள்.

"வதனா!" சச்சிதானந்தன் காரைப் பார்த்துக் கூப்பிட்டார். "ராணி! ரெண்டுபேரும் இஞ்சை வாருங்கோ."

காருக்குப் பக்கத்தில் யோகராணி இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இதைத்தானோ மச்சாள் நீங்கள் கோடை எண்டு காயிதத்திலை எழுதினனீங்கள்? எனக்கு மூக்கு இருக்குதோ இல்லையோ எண்டு தெரியேல்லை."

"இருக்குது. எல்லாத்துக்குள்ளையும் நுழையிது" என்றாள் சந்திரவதனா.

யோகராணி சிரித்தாள். இந்த மூன்று வாரத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது குறைவு. தேவன் வீட்டைவிட்டுப் போனதற்கு மச்சாள்தான் காரணம் என்று ஊரில் பேச்சு. யோகராணி அதை வந்து இறங்கிய அன்றே சொல்லியிருந்தாள், ஒளிக்காமல்.

கிழவரின் பெயர் மிலோஷ். யூகோஸ்லாவியாவிலிருந்து அணை கட்ட வந்தவர். அணை முடிந்ததும் போகவில்லை. மூன்று படகும் ஒரு தகரக் கொட்டகையும் வைத்திருந்தார். மீன் பிடிக்க வருகிறவர்களுக்கும், தண்ணீருக்கு அடியில் இருக்கும் பழைய ஊரைப் பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கும் படகு ஓட்டினார்.

"ஊர் தெரியுமா?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்."

கொட்டகைக்குள் அவர்களை உட்காரவைத்தார். சச்சிதானந்தனின் முகத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை. கடைசியில் கையை நீட்டி அவருடைய முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"என் பெயர் சச்சிதானந்தன்" என்று ஆங்கிலத்தில் விளக்கினார் சச்சிதானந்தன். "கனகசபை என்பது அப்பா. என் தம்பி தேவராஜாவைத் தேடி வந்தோம்."

"தேவராஜா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவன் கனா. அவன் தலைமாட்டில் உங்கள் படம் இருந்தது."

"கனாவோ?" என்றாள் யோகராணி தமிழில். "அது ஆர்?"

மிலோஷ் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வேலைப் படிவத்தை எடுத்துக் காட்டினார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் கனகசபை. மற்றப் பெயர் என்ற இடத்தில் தேவராஜா. கையெழுத்து தேவனுடையது.

சச்சிதானந்தன் அதை நெடுநேரம் பார்த்தார். கப்பலால் இறங்கிய நாளில் அவர் நிரப்பிய படிவத்திலும் அதே கட்டம் இருந்தது. குடும்பப் பெயர் என்று ஒன்று தனக்கு இல்லை என்று அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி ஏதாவது எழுதுங்கள் என்றார். அவர் சச்சிதானந்தன் என்று எழுதினார். தம்பி வந்தபோது அதே கட்டத்தில் அப்பாவை எழுதியிருக்கிறான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், கடதாசியில் யாரோ யாரோ.

"அவன் எங்கே?" என்றார்.

"இன்று காலைவரை இங்கே."

யோகராணி வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரவதனா கண்ணை மூடித் திறந்தாள். பத்து மாதமாக ஒவ்வொரு இரவும் அவள் ஒரு சவத்தை நினைத்துக்கொண்டு படுத்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப உயிரோடை இருக்கிறான்" என்றாள்.

"அவன் இருக்கிறான். செத்தது இவர்" என்று மிலோஷ் சச்சிதானந்தனைக் காட்டினார், அவள் தமிழில் சொன்னது விளங்கியதுபோல.

பிறகு சொன்னார்.

ஆடி மாதம் துறைப் பலகையில் பனிக்கட்டி. கனா வழுக்கி விழுந்தான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றான். ஆனால் படிவத்தில் அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய ஆள் என்ற இடத்தில் "அண்ணன்" என்று எழுதி ஒரு விலாசம் கொடுத்திருந்தான். பெயர் எழுதவில்லை. அண்ணன் என்றால் அவரும் கனகசபையாகத்தானே இருக்க வேண்டும்? மிலோஷ் உறையில் மிஸ்டர் கனகசபை என்று எழுதிப் போட்டார்.

"பத்து நாளில் திரும்பி வந்தது."

ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தார். அது பிரிக்கப்படவில்லை. விலாசத்தின் குறுக்கே நீல மையில், பெரிய எழுத்தில், ஒரு சொல். டிசீஸ்ட். காலமாகிவிட்டார். அதன் கீழே, அனுப்பியவருக்கே திருப்பவும்.

எழுத்துகள் இடது பக்கம் சாய்ந்திருந்தன. வேம்படிப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே சந்திரவதனாவின் எழுத்து அப்படித்தான் சாயும்.

வெளியே படகொன்று துறையில் முட்டிக்கொண்டிருந்தது.

"நீரோ எழுதினது?" என்றார் சச்சிதானந்தன்.

"ஓம்."

"எப்ப?"

"மாமான்ரை திவசத்தண்டு."

அவளுக்கு அந்த நாள் முழுதாக ஞாபகம் இருந்தது. ஆவணி. சச்சிதானந்தன் அரைநாள் லீவு எடுத்து வருவதாகச் சொல்லிப்போயிருந்தார். அவள் விடிய எழும்பித் தலை தோய்ந்து குசினியில் நின்றாள். மாமாவுக்குப் பிடித்த வாழைக்காய்க் கறி. அவர் இருந்த காலத்தில் அவரை அவள் கண்டதில்லை. படத்தில்தான். படத்துக்கு முன் இலை போட்டாள். இலையில் சோறு வைத்த நேரம் தபால்காரனின் விசில் கேட்டது.

போய்ப் பெட்டியைத் திறந்தால் மாமாவுக்குக் கடிதம்.

"நான் பயந்துபோனன்" என்றாள். "உள்ளுக்கை அவருக்குச் சோறு படைச்சிருக்குது. வெளியிலை அவருக்குக் காயிதம் வந்திருக்குது. உடைச்சுப் பாக்கப் பயம். வீட்டுக்கை கொண்டுவரவும் பயம். பேனையை எடுத்து எழுதி, தபால்காரன் அடுத்த தெருவாலை வரேக்கை ஓடிப்போய்க் குடுத்திட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்கு நெஞ்சு வருத்தம். செத்த தேப்பனுக்குக் காயிதம் வந்ததெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

யோகராணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"நல்லாச் செய்தனீங்கள் மச்சாள். ஒரு சொல்லிலை வேலையை முடிச்சுப்போட்டியள். ஊரிலை சனம் உங்களைப்பற்றிக் கதைக்கேக்கை நான்தான் உங்களுக்காகச் சண்டை பிடிச்சனான்."

"எப்ப பிடிச்சனீங்கள்?"

"ஒருக்காப் பிடிச்சனான்."

"சும்மா இரு ராணி" என்றார் சச்சிதானந்தன். அவர் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதம் மூடிக்கிடந்த கடதாசி. நாலு வரி. அவர் தமிழில் மாற்றி மெல்லப் படித்தார்.

"உங்கள் தம்பிக்குக் கால் முறிந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை. அவன் யாரையும் கேட்கவில்லை. ஆனால் தூக்கத்தில் அன்னா, அன்னா என்று கூப்பிடுகிறான். அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரிந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

யோகராணி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அன்னா யார்?" என்றார் மிலோஷ். "நான் அவனை நெடுக அதைச் சொல்லிக் கேலி செய்வேன்."

சந்திரவதனா ஆங்கிலத்தில் சொன்னாள். "அன்னா இல்லை. அண்ணா. மூத்த சகோதரன்."

மிலோஷ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

அந்த உறையை அவர் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். கனா எழுத்தைப் பார்த்தான். அண்ணனுடைய மனைவியின் கையெழுத்து என்றான். முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பின்னேரம், "நான்தான்" என்றான். "நான் போகும்போதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்." ஒரு வரி எழுது, அந்த அம்மாவுக்குத் துக்கம் சொல் என்று மிலோஷ் வற்புறுத்தினார். அவன் உறையைக் காட்டினான். அவள் எனக்கு எழுதியதே ஒரு சொல், அதற்கு மேல் அவளுக்கு என்னோடு பேச்சில்லை என்றான்.

கால் சுகமாகி வந்த கிழமை தலைமயிரையும் மீசையையும் மழித்துக்கொண்டான். மிலோஷின் கத்தரிக்கோலும் சவரக் கத்தியும். விடிகாலையில் இந்தத் துறைத் தண்ணீரில், பனி மிதக்கிற தண்ணீரில், இடுப்பளவுக்கு இறங்கி நின்றான். கையில் சோற்று உருண்டை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று மிலோஷ் கயிற்றோடு கரையில் காவல் நின்றார்.

"அதன் பிறகு மாதம் ஒருமுறை" என்றார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார்.

மீன் பிடிக்கிறவர்களுக்காக அச்சடித்த நாட்காட்டி. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு நிலவு. நிலவில்லாத நாளுக்குக் கறுப்புப் புள்ளி. தையில் கறுப்புப் புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். யோகராணி எழும்பிப் போய், கீழே தொங்கிய பழைய வருடத்து நாட்காட்டியைப் புரட்டினாள். மார்கழியில் வட்டம். கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதியிலும் வட்டம். அதற்கு முன் ஒன்றுமில்லை.

"அமாவாசை" என்றாள். "அண்ணா, இவன் அப்பாவுக்கே ஒரு நாளும் விரதம் பிடிச்சதில்லை. உங்களுக்குப் பிடிக்கிறான்."

சச்சிதானந்தன் தன் கைகளைப் பார்த்தார். உயிரோடு இருக்கிற தனக்கு ஐந்து மாதமாக யாரோ தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். அவருக்கு உள்ளங்கை குளிர்ந்தது.

"இண்டைக்கு எத்தினையாம் தேதி?" என்றார்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வட்டம் இன்றைய நாளில் இருந்தது.

"மேலே போயிருக்கிறான்" என்றார் மிலோஷ். "நீல ஏரிக்கு. பனி உருகும்வரை இங்கேதான் செய்தான். பிறகு, இந்தத் தண்ணீருக்கு அடியில் ஆட்கள் குடியிருந்த ஊர் கிடக்கிறது, இது சரியில்லை என்றான். மேலே இருப்பது மலை உருகிவரும் தண்ணீர். அங்கே யாருடைய வீடும் இல்லை."

"எப்ப திரும்புவான்?"

மிலோஷ் தலையைச் சொறிந்தார்.

"மற்ற மாதங்களில் பின்னேரம் வந்துவிடுவான். இன்று சாமான் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போனான். மலைக்கு அந்தப் பக்கத்தால் இறங்கி விக்டோரியாவுக்குப் போகிறேன் என்றான். எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனான்."

மிலோஷின் வான் வண்டியில் மலைப்பாதை முடிகிற இடம்வரை போனார்கள். மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து, பிறகு இல்லாமல் போயின. புல்லும் கல்லும் மட்டும். சரிவுகளில் கோடையிலும் உருகாத பனி அழுக்கு வெள்ளையாகக் கிடந்தது. கரும்பச்சைச் சட்டை போட்ட நாலைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு சிரித்துக்கொண்டு கீழே வந்தார்கள். மேலே பனிப்புகார் இறங்குகிறது, கவனம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாதை பள்ளத்தில் இறங்கி ஓர் ஆற்றைக் கடந்து எதிர்மலையில் ஏறியது. ஏரி அந்த மலைக்கு அப்பால். ஒன்றரை மணி நடை. மிலோஷின் முழங்கால் மடங்காது.

சச்சிதானந்தன் சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார்.

"நீங்கள் எங்கை வெளிக்கிடுறியள்?" என்றாள் சந்திரவதனா.

"என்ரை தம்பி."

"வீட்டிலை பன்னிரண்டு படி ஏறினால் நீங்கள் நிண்டு மூச்சு வாங்குறனீங்கள். அங்கை போய் அவனுக்கு முன்னாலை விழுந்தியளெண்டால்? பிறகு நான் எழுதினது உண்மையாப் போயிடும்."

அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். சச்சிதானந்தன் வண்டியின் படியில் உட்கார்ந்தார்.

"நான் போறன்" என்றாள் யோகராணி. "எனக்கு அவன் தம்பி."

"நான் எழுதினதை நான்தான் போய் அழிக்கவேணும்" என்றாள் சந்திரவதனா. "நீங்கள் கொண்ணரைப் பாத்துக்கொள்ளுங்கோ. எழும்ப விடாதையுங்கோ."

யோகராணி அவளை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு தன் மேல் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"வதனா" என்றார் சச்சிதானந்தன். "நான் ஒண்டும் மனசிலை வைக்கேல்லை எண்டு சொல்லும். படிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வீட்டை வரட்டும்."

"நீங்களே சொல்லுங்கோ. நான் கூட்டிக்கொண்டு வாறன்."

மிலோஷ் தன் மழைக்கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டார். வெளுத்துப்போன கித்தான் கோட்டு. கணுக்கால்வரை வந்தது. அவளுடைய சிவப்புச் சேலை முழுவதும் அதற்குள் மறைந்தது.

"போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஆற்றில் கல்லுக்குக் கல் தாண்ட வேண்டியிருந்தது. ஒரு கல்லில் கால் பிசகி முழங்கால்வரை நனைந்தது. தண்ணீர் கத்திபோல் இருந்தது. அந்தத் தண்ணீரில் ஒருவன் இடுப்பளவுக்கு நின்றிருக்கிறான். அவளுடைய கணவனுக்காக. அவள் எழுதிய ஒரு சொல்லுக்காக.

ஏற்றத்தில் புகார் வந்து மூடியது. முன்னால் பத்தடி தெரிந்தது. பின்னால் ஒன்றும் தெரியவில்லை. தன் மூச்சுச் சத்தம் பக்கத்தில் வேறு யாரோ நடப்பதுபோல் கேட்டது. இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஈரம் வழிந்தது. கோட்டுக் கையால் துடைத்தாள். மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தாள்.

என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஏறினாள். அது மாமாவுக்கு வந்த காயிதம் எண்டு நினைச்சிட்டன். சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் அது பொய்போல இருந்தது. நடந்தது என்னவோ அதுதான்.

மேட்டைக் கடந்ததும் நிலம் திடீரென்று கீழே விழுந்தது. பாறைக் கிண்ணத்துக்குள் ஏரி கிடந்தது. நீலமாக இல்லை. கறுப்பாக இருந்தது. எதிர்க்கரைப் பனி அதற்குள் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு பறவையும் இல்லை.

தண்ணீர் ஓரத்தில், தட்டைக் கல்லொன்றில், ஒருவன் குந்தியிருந்தான். பக்கத்தில் முதுகு மூட்டை. மொட்டைத் தலையில் மயிர் அரை அங்குலம் வளர்ந்திருந்தது. கல்லில் வாழையிலை இல்லை. ஏதோ காட்டிலை ஒன்றில் சோறு.

அவள் காலடியில் ஒரு கல் உருண்டது. அவன் திரும்பினான்.

தேவன்தான். ஆனால் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சுவரில் மாலையோடு தொங்கும் மாமாவின் படம்போல் இருந்தான். அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவன் எழும்பி நின்றான். அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். பிறகு நெற்றியைப் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

சந்திரவதனா நெற்றியைத் தொட்டாள். வெறும் ஈரம். விரலில் சிவப்பு இல்லை. குங்குமம் எந்த இடத்தில் கரைந்து போனதோ.

"மச்சாள்" என்றான். "நீங்கள் ஏன் இவ்வளவு தூரம்... நான் வந்து உங்கடை காலிலை விழுந்திருக்கவேணும். எனக்குத் துணிவில்லை."

"அண்ணா இருக்கிறார்" என்றாள் அவள். அவ்வளவுதான் மூச்சு வந்தது.

தேவன் தலையை ஆட்டினான். ஆறுதலாக, ஒரு குழந்தைக்கு ஆட்டுவதுபோல.

"ஓம் மச்சாள். தெரியும். எங்கையும் போகேல்லை. இஞ்சைதான் இருக்கிறார்."

"இல்லைத் தேவன். அண்ணா இருக்கிறார். உயிரோடை."

"எனக்கும் அப்பிடித்தான்" என்றான் மெதுவாக. "முதல் மாதம் நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். பிறகு பழகிப்போச்சு. ஒவ்வொரு முறையும் இதிலை இருக்கேக்கை என்னைக் கூப்பிடுவார். நான் திரும்பிப் பாக்கிறேல்லை. பாத்தால் போயிடுவார்."

அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். அது கல்லைவிடக் குளிர்ந்திருந்தது. "அந்தக் காயிதம் அவருக்கில்லை. நான் மாமாவுக்கு எண்டு..."

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்தில், புகாருக்குள் எங்கிருந்தோ, ஒரு குரல் கேட்டது.

"தேவா!"

பாறைச் சுவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஏரியின் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. அவரை எழும்ப விட வேண்டாம் என்று சந்திரவதனா யோகராணியிடம் சொல்லியிருந்தாள். ஆற்றைக் கடந்து, அந்த ஏற்றத்தில், இவ்வளவு தூரம்.

தேவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து விறைத்துப்போய், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அடேய், தேவா!"

இரண்டாவது குரல் உடைந்து வந்தது. நடுவில் மூச்சு அறுந்தது.

தேவன் மெல்ல அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"மச்சாள்" என்றான். "உங்களுக்கும் கேக்குதோ?"

"ஓம்" என்றாள். "எனக்கும் கேக்குது. வா, ஓடி வா."

அவன் அசையவில்லை. இன்னொருமுறை கேட்டால் நம்புவான். அவளும் அவனும் புகாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது முறை குரல் வரவில்லை.